மலையில் ஒரு ஓட்டை, சுவரில் ஒரு விரிசல்

கொஞ்சம் நீளமான பதிவு. வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு வீட்டுக்கு வந்து, காப்பி கலக்கி வச்சிக்கிட்டு எழுதுறேன். நேரம் இருக்கிறவங்க பொறுமையா படிங்க.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் ஆலயத்தில் மேடை ஏறிப் பேசுகிற ஆள் இல்லை. இருபத்திரண்டு வருஷமா மடப்பள்ளிதான் என் இடம். வெங்காயம் உரிக்கிறது, சாம்பார் அண்டாவைக் கிண்டுறது, அன்னதானம் முடிந்ததும் தரையைக் கழுவிவிடுறது. போன வருஷம் சூரிக்கில் வேலை பார்க்கும் என் மகன், "மா, ஒரு மாசமாவது வந்து இருங்க"ன்னு டிக்கெட் போட்டுவிட்டான். போனேன். எல்லாரும் சுவிட்சர்லாந்துன்னா பனிமலை, சாக்லெட், சினிமாப் பாட்டு எடுத்த இடம்னு சொல்வாங்க. நான் எழுதப் போறது எல்ம் என்கிற ஒரு குட்டி மலை ஊரைப் பற்றி.

அங்கே போக ஆசைப்பட்டதே ஒரு பக்திக் காரணத்துக்காகத்தான். நம்ம ஊர்ப் பக்கம் சில பழைய ஆலயங்களில் வருஷத்தில் குறிப்பிட்ட நாளில் சூரிய ஒளி நேராக உள்ளே வந்து மூலவர் மேல் விழும் என்று கேள்விப்பட்டிருப்பீங்க. மகன் சொன்னான், "மா, இங்கேயும் அது மாதிரி ஒன்னு இருக்கு. மலையில ஒரு ஓட்டை. வருஷத்துல ரெண்டு தடவை அது வழியா வெயில் வந்து சர்ச் கோபுரத்து மேல விழும்." அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளலை. செப்டம்பர் 30-ஆம் தேதி காலையில் அங்கே இருக்கிற மாதிரி அவனும் லீவு போட்டான்.

சூரிக்கிலிருந்து ரயிலில் ஷ்வாண்டன் என்ற ஊர். அங்கிருந்து பஸ், செர்ன்ஃப் என்ற ஆற்றை ஒட்டியே மேலே ஏறுது. முன்னாடி இந்தப் பாதையில் டிராம் மாதிரி ஒரு சின்ன ரயில் ஓடியதாம், 1905-லிருந்து 1969 வரைக்கும். ரோடு முடியும் இடத்தில் எல்ம். கிட்டத்தட்ட 1,000 மீட்டர் உயரம். சுற்றிலும் மூன்று பக்கமும் மலைச் சுவர். சில நூறு பேர்தான் குடியிருக்காங்க. வெயிலில் கருத்துப்போன மரவீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் சிவப்புப் பூத்தொட்டி, மாட்டு மணிச் சத்தம். பழைய வீடுகளைக் கெடுக்காமல் காப்பாற்றி வைத்ததற்காக 1981-ல் இந்த ஊருக்கு வாக்கர் பரிசு கொடுத்திருக்காங்க. அந்த நாட்டில் ஊர்களுக்குக் கொடுக்கும் பெரிய மரியாதை அது.

இவ்வளவு சின்ன ஊருக்கு எவ்வளவு கதைன்னு கேட்டால் ஆச்சரியமா இருக்கும். பனிச்சறுக்கில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வ்ரேனி ஷ்னைடர் இந்த ஊர்ப் பெண். அந்த நாடு முழுக்கக் குடிக்கிற எல்மர் சிட்ரோ என்ற எலுமிச்சை சோடா இந்த ஊர்த் தண்ணியில் செய்தது. 1799 அக்டோபரில் ரஷ்யத் தளபதி சுவோரோவ், பிரெஞ்சுப் படையிடம் மாட்டாமல் தப்பிக்க, தன் சேனையோடு இங்கே ஓர் இரவு தங்கி, மறுநாள் பனியில் பானிக்ஸர் கணவாயை ஏறிக் கடந்தார். 2,400 மீட்டர் உயரம். பீரங்கிகள் போச்சு, நிறைய வீரர்களும் வழியிலேயே செத்தாங்க. அவர் தங்கிய வீடு இன்னும் அப்படியே நிக்குது.

முதல் நாள் காலையில் ஒன்பது மணி வாக்கில் சர்ச் பக்கத்தில் போய் நின்றோம். ஒரே மூடுபனி. மலையும் தெரியலை, ஓட்டையும் தெரியலை. கேமராவோடு வந்திருந்தவங்க எல்லாம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிச்சிக்கிட்டு கலைஞ்சு போனாங்க. என் மகனுக்கு என்னைப் பார்க்கவே சங்கடம். "பரவால்லடா தம்பி, சாமி தரிசனம் கேட்ட நேரத்துலயா கிடைக்கும்? நாளைக்கும் இருக்குல்ல"ன்னு சொன்னேன். அன்று முழுக்க வேறு வேலை இல்லாததால் ஊரைச் சுற்றி நடந்தோம். நான் இப்போ இந்தப் பதிவை எழுதக் காரணம் அந்த மூடுபனிதான்.

ஊருக்குக் கொஞ்சம் கீழே ஒரு புல்வெளி. பச்சைப் பசேல்னு இருக்கு. ஆனா தரை சமமா இல்லை, மேடும் பள்ளமுமா, அங்கங்கே பெரிய பாறை புல்லுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. "இங்கதான்மா ஊர்ல ஒரு பகுதி இருந்துச்சு"ன்னு மகன் சொன்னான். முதலில் எனக்குப் புரியலை. அப்புறம் அவன் படித்துப் படித்துச் சொல்லச் சொல்ல, நான் ஒரு பாறை மேல் உட்கார்ந்துட்டேன்.

என் வயசுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், நாம தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சிலேட்டுப் பலகையில்தான் எழுத ஆரம்பிச்சோம். எச்சில் தொட்டு அழிச்சு அடி வாங்கியது எல்லாம். அந்த சிலேட்டு ஒரு வகைப் பாறை. ஏடு ஏடாகப் பிளக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக ஆரம்பித்தபோது சிலேட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி. எல்ம் ஊருக்குப் பக்கத்து மலையில் நல்ல சிலேட்டுப் பாறை இருந்தது. மாடு மேய்த்துப் பிழைத்த ஏழை ஊர். 1868 வாக்கில் வெட்ட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்தில் ஊர் நிர்வாகமே அந்தக் குவாரியை எடுத்து நடத்தியது. குடும்பங்களுக்குக் கூலி, ஊருக்கு வருமானம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யலை.

பிரச்சினை என்னன்னா, அவங்க மலையின் அடிப்பாகத்தைக் குடைஞ்சாங்க. சுமார் 180 மீட்டர் அகலத்துக்கு, 60 மீட்டர் போல உள்ளே. மேலே நிற்கிற மலைக்கு முட்டுக் கொடுக்காமல் காலடியை மட்டும் எடுத்துக்கிட்டே போனாங்க. கேக்கின் அடியை வெட்டி எடுத்துவிட்டு மேலே இருக்கிற கிரீம் விழாமல் நிற்கணும்னு நினைக்கிற மாதிரி.

1876-லேயே குவாரிக்கு மேலே மலையில் ஒரு விரிசல் விட்டது. வருஷத்துக்கு வருஷம் அகலமாச்சு. 1881 கோடையில் பல மீட்டர் அகலம். மழைத்தண்ணி எல்லாம் அதற்குள் இறங்கியது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் கல் விழுந்துக்கிட்டே இருந்தது. செப்டம்பர் 10-ஆம் தேதி, சனிக்கிழமை, வன அதிகாரியோடு ஒரு குழு மேலே ஏறிப் பார்த்தது. குவாரி வேலையை நிறுத்தணும், ஆனால் ஊருக்கு உடனடி ஆபத்து இல்லை. இதுதான் அவங்க முடிவு.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ஐந்தே கால் மணி வாக்கில் முதல் சரிவு வந்தது. வந்ததும் எல்லாரும் ஓடியிருக்கணும் இல்லையா? ஓடலை. சிலர் நின்று வேடிக்கை பார்த்தாங்க. சிலர் அடிவாரத்து வீட்டுக்காரங்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்க உதவிக்குப் போனாங்க. கால் மணி நேரம் கழித்து இரண்டாவது சரிவு. அதில் ஆள் செத்தது. அதன் பிறகுதான் ஓட ஆரம்பிச்சாங்க. எதிர்ப்பக்கத்தில் டூனிபெர்க் என்ற மேடு. உயரமான இடம் பாதுகாப்புன்னு நிறைய பேர் அதில் ஏறினாங்க. சில நிமிடத்தில் மூன்றாவது சரிவு, மலையே வந்தது. சுமார் ஒரு கோடி கன மீட்டர் பாறை. விழுந்த இடத்தில் நிற்கலை, தண்ணி மாதிரி ஓடியது. அந்த மேட்டிலேயே ஏறி, அங்கே நின்றவங்களையும் அடித்துக்கொண்டு, பிறகு திரும்பிப் பள்ளத்தாக்கில் பாய்ந்து போனது.

114 பேர். 83 கட்டடங்கள்.

அல்பெர்ட் ஹைம் என்ற புவியியல் பேராசிரியர் நேரில் வந்து உயிர் தப்பியவங்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். பாறை எப்படி வெள்ளம் மாதிரி ஓடும் என்பதை உலகத்துக்கு முதலில் விளக்கமாகச் சொன்னது அவருடைய அந்த ஆய்வுதான். இன்றைக்கும் மலைச்சரிவைப் பற்றிப் படிக்கிறவங்க எல்ம் என்ற பேரைப் படிக்காமல் இருக்க முடியாதாம்.

சர்ச் பக்கத்தில் நினைவுக்கல் இருக்கு. அங்கே நின்று விபூதிப் பையைத் தொட்டுக்கிட்டேன். நம்ம சாமி வேற அவங்க சாமி வேறன்னு அந்த நேரத்தில் தோணலை. சிலேட்டுப் பலகை செய்த பழைய பட்டறையை ஊரில் காப்பாற்றி வச்சிருக்காங்க. மெலிசாகப் பிளந்து, இழைத்து, மரச்சட்டம் போட்டு... அதே பலகைதான். கையில் எடுத்தேன், 'அ' எழுதிப் பார்க்கலாமான்னு ஆசை. எழுதத் தோணலை, வச்சிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. ஏன்னு சொல்றேன். இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை.

நம்ம ஆலயம் சரிவை ஒட்டிய இடத்தில் இருக்குன்னு வந்தவங்களுக்குத் தெரியும். சில வருஷத்துக்கு முன்னாடி கார் நிறுத்த இடம் வேணும்னு பின்பக்கத்து மண்ணை வெட்டி, ஒரு தடுப்புச் சுவர் கட்டினோம். 'கட்டினோம்'னுதான் சொல்றேன், ஏன்னா அந்தக் கூட்டத்தில் நானும் கை தூக்கினேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் மடப்பள்ளி. ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி மடப்பள்ளியின் பின்சுவரில் ஒரு விரிசலைப் பார்த்தேன். முதலில் முடி மாதிரி. பிறகு ஒரு வெள்ளிக்காசு சொருகலாம் போல ஆச்சு. மழை பெய்யாத நாளிலும் வெளியே சுவர் அடியில் செம்மண் தண்ணி கசிந்தது.

நான் பொருளாளர்கிட்ட சொன்னேன். அவர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்தார். வந்தவர் சுவரைத் தட்டிப் பார்த்து, "ஒன்னும் இல்லக்கா, பூச்சு வெடிச்சிருக்கு"ன்னு சிமெண்ட் பூசிட்டுப் போனார். இரண்டு மாசத்தில் சிமெண்டும் வெடித்தது. அப்போ நான் என்ன செய்தேன் தெரியுமா? அரிசி வைக்கிற இரும்பு அலமாரியை நகர்த்தி அந்த விரிசலுக்கு முன்னாடி வச்சேன்.

யார் சொல்லியும் இல்லை, நானாகத்தான். கும்பாபிஷேகம் வருது. உபயக்காரங்க மடப்பள்ளியைப் பார்க்க வருவாங்க. அசிங்கமா இருக்கக் கூடாது. அதைவிட, பெரிசாகப் பேசினால் மடப்பள்ளியை மூடுவாங்க, அன்னதானம் நின்று போகும், இருபத்திரண்டு வருஷமா நான் நிற்கிற இடம் போயிடும். இதுதான் உண்மை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஏழு பெண்கள் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குறோம். அதில் ஒருத்தி தன் கைப்பிள்ளையையும் அங்கேயே துணி விரித்துத் தூங்க வைப்பாள்.

சனிக்கிழமை குழு வந்து பார்த்துச் சரின்னு சொன்ன அந்த ஊரும், தட்டிப் பார்த்து ஒன்னும் இல்லன்னு சொன்ன நம்ம சுவரும் ராத்திரி முழுக்க ஒன்னா கண்ணுக்குள்ள நின்றது.

மறுநாள் அக்டோபர் 1. விடியும்போதே வானம் சுத்தம். அப்போதுதான் சிங்கெல்ஹோர்னர் என்ற அந்தக் கூரிய சிகரங்களை முழுசாகப் பார்த்தேன். அதில் ஒரு நேர்க்கோடு, யாரோ கத்தியால் கீறின மாதிரி. கோட்டுக்கு மேலே இருக்கிற பாறை சுமார் 25 கோடி வருஷத்துக்கும் முந்தையது. கீழே இருப்பது சுமார் 3.5 கோடியிலிருந்து 5 கோடி வருஷம்தான் ஆனது. மலை உருவாகும்போது பழசு நழுவி வந்து புதுசு மேல் ஏறி உட்கார்ந்திருக்கு. அதற்காகவே இந்தப் பகுதியை யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழேதான் ஓட்டை. மார்டின்ஸ்லோஹ் என்று பேர், மார்டினின் ஓட்டை என்று அர்த்தம். சுமார் 2,600 மீட்டர் உயரத்தில், 20 மீட்டர் போல உயரமான ஓட்டை. கீழேயிருந்து பார்த்தால் ஊசிக்காது. செயின்ட் மார்டின் இங்கே ஆடு மேய்த்தாராம், ஆடு திருட மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு ராட்சசன் வந்தானாம், இரும்புப் பூண் போட்ட கோலை அவர் வீசியெறிய, அது மலையைத் துளைத்துவிட்டதாம். கிரௌஞ்ச மலையை வேல் துளைத்த கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புதுசா என்ன! நான் மகனிடம் முருகன் கதையைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

ஒன்பது மணிக்கு மேல் ஊர் முழுக்க நிழலில்தான் இருந்தது. அங்கே சூரியன் மலைக்குப் பின்னால் ஏறி வரவே நேரமாகும். திடீர்னு அந்த ஊசிக்காதில் ஒரு வெள்ளைப் பொறி. கண் கூசுது. ஒரு வெளிச்சக் கற்றை சாய்வாக இறங்கி வந்தது. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய சர்ச், அதன் கூர்க்கோபுரம் மட்டும் பளிச்சென்று. சுற்றிலும் வீடு, புல், நாங்க எல்லாம் நிழலில். இரண்டு நிமிடம் இருக்கும். பிறகு போயிடுச்சு. யாரும் கை தட்டலை. ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். நான் கும்பிட்டேன். சூரியன் உத்தராயணத்திலும் தட்சிணாயனத்திலும் போய் வரும் வழியில் ஒரே இடத்தை இரண்டு தடவை கடக்கிறதால், மார்ச் 12, 13 வாக்கில் ஒரு தடவை, இப்போது ஒரு தடவை. 1881-லும் இதே நாட்களில் விழுந்திருக்கும். மலை விழுந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். அந்த வெளிச்சத்தைப் பார்க்க அந்த வருஷம் யாருக்கு மனசு இருந்திருக்கும்?

திரும்பும்போது பஸ்ஸில் மகன் இன்னொரு விஷயம் சொன்னான். இப்போது எல்ம் தனி ஊராட்சியே இல்லையாம். அது இருக்கிற கிளாருஸ் மாநிலத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, மே மாதம், மக்கள் எல்லாம் திறந்த மைதானத்தில் கூடிக் கை தூக்கிச் சட்டம் போடுவாங்க. யார் வேணும்னாலும் எழுந்து பேசலாம். 2006-ல் 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம்னு அரசாங்கம் சொன்னது. ஒரு சாதாரண ஆள் எழுந்து, "பத்து வேணாம், மூணு போதும்"னு சொன்னார். அதுவே ஜெயித்தது. 2011-லிருந்து எல்ம், தெற்கு கிளாருஸ் என்ற பெரிய ஊராட்சிக்குள் ஒன்னு. சிலருக்குக் கோபம் இருந்திருக்கும். ஆனால் ஒரு ஆள் எழுந்து சொன்னதும் கூட்டம் காது கொடுத்துக் கேட்டிருக்கு, அதுதான் என் மனசில் நின்றது.

ஊர் திரும்பிய அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் நானும் எழுந்தேன். கை நடுங்கியது. அலமாரியை நகர்த்தி வைத்ததையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. பிறகு, "சுவிஸ் போயிட்டு வந்து அக்கா பாடம் நடத்துறாங்க"ன்னு ஒருத்தர் சொல்ல, சிரிப்பு. தலைவர் மட்டும் சிரிக்கலை. "அலமாரியை நகர்த்துங்க, நான் பார்க்கிறேன்"னார். பார்த்தார். மறுவாரம் மண் ஆய்வு செய்கிற ஒரு பொறியியலாளர் வந்தார். அவர் சுவரைத் தட்டலை. பின்னால் ஏறி, சுவருக்கு மேலே புல்லை விலக்கிப் பார்த்தார். மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பு. சுவருக்குப் பின்னால் தண்ணி வெளியேற வழியே வைக்கலைன்னு சொன்னார். மடப்பள்ளியை இன்றே காலி பண்ணுங்கன்னார்.

கும்பாபிஷேகத்தைத் தள்ளி வச்சோம். திருப்பணி நிதியிலிருந்து பெரிய தொகை வடிகாலுக்கும் புதுச் சுவருக்கும் போகப் போகுது. அன்னதானம் இப்போது முன்பக்கம் கூடாரத்தில். மழை வந்தால் சாரல் அடிக்கும், அடுப்பு அணையும். உபயக்காரங்க இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வர்றதில்லை. இத்தனை வருஷம் என் கூட நின்று சமைத்த ஒரு தோழி இன்னும் என்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்லை.

இன்னொன்னும் சொல்லணும். அந்தச் சுவர் விழலை. மழைக்காலம் முழுக்க அப்படியே நின்றது. "பாருங்கக்கா, இன்னும் நிக்குதே"ன்னு பிள்ளைங்க கேலி பண்றாங்க. பண்ணட்டும். அது விழாமல் இருக்கும்போதே இடித்துப் புதுசாகக் கட்டுறோம், அதுக்குத்தானே இவ்வளவும். அந்தக் கைப்பிள்ளை இப்போது நடக்க ஆரம்பிச்சிருச்சு. கூடாரத்தில் என் காலைச் சுற்றிச் சுற்றி வருது.

இதைப் படிக்கிற மற்ற ஆலயத் தொண்டர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நம்ம ஆலயங்கள் நிறைய மேட்டிலும் சரிவிலும்தான் இருக்கு. அடுத்த தடவை போகும்போது கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, பின்பக்கமும் ஒரு தடவை போய்ப் பாருங்க. சுவரில் கோடு இருக்கா, தண்ணி எங்கே போகுது, மரம் சாய்ஞ்சிருக்கா. இருந்தால் படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்புங்க. கேலி பண்ணினாலும் மறுபடி அனுப்புங்க. அலமாரியை மட்டும் நகர்த்தி வச்சிடாதீங்க.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிரமதானம், பழைய மடப்பள்ளிச் சாமான்களை எடுத்து வைக்கணும். கை கொடுக்க முடிந்தவங்க வாங்க. பசியாறைக்கு உப்புமாவும் சட்னியும் நான் செய்றேன், கூடாரத்தில்தான்.

முருகன் துணை.